அப்பாவின் உப்பைக் குறைக்க வழி சொல்லுங்கள்
வணக்கம். அப்பாவுக்கு வயது 63. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் நெஞ்சு இறுக்கம், தாடை வலி, உடம்பெல்லாம் வியர்வை. வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறு குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அப்போதே 108-ஐ அழைத்திருக்க வேண்டும். அப்புறம் ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனை) செய்து ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் நாமாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்துவிடலாம் என்று டாக்டர் எச்சரித்ததால், கிழமைவாரியாக டப்பாவில் பிரித்து வைக்கிறேன். நடைப்பயிற்சியும் சரி.

சிக்கல் உப்புதான். நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டேன். ஆனால் மோர் சாதத்துக்கு ஊறுகாயோ மோர் மிளகாயோ இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறார். நேற்று அரிசிப் பானைக்குப் பின்னால் துணி சுற்றிய நார்த்தங்காய் ஜாடி ஒன்று கிடைத்தது. திட்ட மனம் வரவில்லை.

சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால் அவருடைய பிரஷர் மாத்திரையோடு ஒத்துவராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புளி கூட்டிய புதினாத் துவையல் மட்டும் கொஞ்சம் எடுபட்டது.

இதே நிலையைக் கடந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். மோர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள என்ன கொடுத்தீர்கள்? நாக்கு பழக எத்தனை நாளானது?