சாயத் தண்ணீரை வெயிலில் தெளிய வைக்கும் பொடி: வீட்டளவில் சரிவருமா?

நிலாவெளிப் பிள்ளை:
என் பெரியம்மா கைத்தறியில் சாரம் நெய்கிறார். நூலுக்குச் சாயம் போட்ட தண்ணீர் வளவின் பின்பக்கம் வெட்டிய கிடங்குக்குத்தான் போகிறது. இங்கே முழுக்க மணல் தரை, கிணறும் பக்கத்தில்தான். டைட்டேனியம் ஈரொட்சைட்டு நானோ பொடியைக் கலந்து வெயிலில் வைத்தால் நிறம் போய்விடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். புல்மோட்டை மணலில் டைட்டேனியம் இருக்கிறதுதானே, அதையே போட்டால் போதாதா?

உவர்மலை ரீச்சர்:
தங்கச்சி, மணலைப் போட்டால் நடக்காது. புல்மோட்டைக் கறுப்பு மணலில் கூடுதலாக இருப்பது இல்மனைட், அதாவது இரும்போடு பிணைந்த டைட்டேனியம். அமிலத்தில் கரைத்து இரும்பைப் பிரித்தால்தான் நீங்கள் சொல்லும் வெள்ளைப் பொடி வரும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. நானோ பொடி ஒரு கிராமில் ஏறத்தாழ 50 சதுர மீற்றர் மேற்பரப்பு இருக்கும். வினை அந்த மேற்பரப்பில்தான் நடக்கிறது. மணல் பருக்கையில் அதற்கு இடமில்லை.

பொடி கிடைத்தாலும் சிக்கல் இருக்கிறது. இந்தப் பொடியின் அனடேஸ் என்ற படிக வகைக்கு 388 நானோமீற்றருக்குக் குறைந்த புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான். அதனால்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்கிற கார்பன் நைற்றைட்டு மாதிரிப் பொருள்களைத் தேடுகிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் மெதிலீன் நீலம் என்ற சாயத்தோடு இதே சோதனையைச் செய்தேன். பொடி கலந்த தண்ணீர் பால் போல வெளுத்து நின்றது, இரவு முழுக்க விட்டும் அடியில் படியவில்லை. மையநீக்கியில் சுழற்றித்தான் பிரித்தோம். உங்கள் மணல் தரையில் ஊற்றினால் சாயத்தோடு பொடியும் சேர்ந்து கீழே இறங்கும். இதற்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன்.

அப்புறம், நிறம் போனது வேறு, தண்ணீர் சுத்தமானது வேறு. பொடியில் சாயம் ஒட்டிக்கொண்டாலே தண்ணீர் வெளுக்கும். அதனால் ஒரு போத்தலை இருட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும்; ஒளி இல்லாமலே வெளுத்தால் சாயம் உடையவில்லை, ஒட்டியதுதான். அசோச் சாயம் (இரட்டை நைதரசன் பிணைப்புள்ள சாய வகை) பாதியில் உடைந்தால் நிறமற்ற அமீன்கள் மிஞ்சலாம், அவற்றில் சில நச்சு. என்ன சாயம் பாவிக்கிறீர்கள்?

நிலாவெளிப் பிள்ளை:
ரியாக்டிவ் சாயம், ரீச்சர், நூலோடு வினைபுரிந்து பிணைகிற வகை. உப்பும் சோடாத்தூளும் அள்ளிப் போடுவார்.

உவர்மலை ரீச்சர்:
அப்படியென்றால் இந்த வழியை இப்போதைக்கு விடுங்கள். சாயத்தை உடைப்பது, ஒளி பட்ட பொடியில் உண்டாகும் ஐதரொட்சில் மூலிகங்கள் என்ற வேகமாக வினைபுரியும் துணிக்கைகள். சோடாவின் காபனேற்று அவற்றை முந்திப் பிடித்துக்கொள்ளும். காரத் தண்ணீரில் பொடியின் மேற்பரப்பும் சாயமும் இரண்டும் மறை ஏற்றம், ஒன்றையொன்று தள்ளும். ஆய்வுக்கூடத்தில் வடித்த நீரில் கிடைத்த விளைவு உங்கள் வாளியில் கிடைக்காது.

மருதமுனைத் தறிக்காரர்:
படிகாரம் போட்டுப் பார்த்தோம். தண்ணீரில் கரையாத வாற் (vat) சாயம் திரண்டு படிந்தது, ரியாக்டிவ் அவ்வளவாக அசையவில்லை. முதல் வேலையாகக் கிடங்கை மூடுங்கள். தடித்த பொலித்தீன் விரித்து, ஆழமில்லாத தொட்டி கட்டி வெயிலில் வற்ற விடுங்கள். கடைசியாக அலசுகிற தண்ணீரில் சாயம் குறைவு, அதை அடுத்த நூலின் முதல் அலசலுக்கு எடுக்கலாம். தொட்டிக்குப் போகிற தண்ணீர் குறையும்.

நிலாவெளிப் பிள்ளை:
மாரியில் என்ன செய்வது?

உவர்மலை ரீச்சர்:
அண்ணா சொன்னதுதான் சரி. கச்சான் வீசுகிற மாதங்களில் நன்றாக வற்றும். மாரி மழை இறங்குமுன் அடியில் காய்ந்த உப்பையும் சாயத்தையும் சுரண்டி, மூடியுள்ள பீப்பாவில் போட்டு வையுங்கள், வளவில் கொட்ட வேண்டாம். மாரி முடியும்வரை பெரியம்மா சாயம் போட்ட நூலை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு நெய்யட்டும். கிணற்றுத் தண்ணீரைக் கட்டாயம் பரிசோதனைக்குக் கொடுங்கள். முடிவு வரும்வரை குடிக்க வேறு தண்ணீர் எடுங்கள்.