பீடியை விட்டு ஆறு வாரம்: சளியும் நடுக்கமும் கூடுவது ஏன்?

மாடவீதி_62:
சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) உள்ளவர், வயசு 62, 35 வருஷப் பீடி. நிறுத்தி ஆறு வாரம். தினம் மூச்சுக்குழாயை விரிக்கிற டையோட்ரோப்பியம் பஃப், ராத்திரி ஒரு டெரிபிலின் ரிடார்ட் (மெதுவா மருந்தை விடுற மாத்திரை), பகல்ல நிகோடின் கம் 2 மி.கி. இப்போ காலைச் சளி முன்னைவிட ஜாஸ்தி, கை நடுங்குது, தூக்கம் இல்லை. "பீடி இருந்தப்போ நல்லாத்தானே இருந்தேன்"னு கேட்கிறார். நிறுத்தினா மூச்சுக்குழாய் அழற்சி அடங்கணும் இல்லையா?

நெஞ்சுக்கூடு:
சளி வேற, நடுக்கம் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.

மூச்சுக்குழாய்ச் சுவர்ல இருக்கிற நுண்மயிர்களைப் புகை முடக்கி வெச்சிருந்தது. இப்போ அது எழுந்து, தேங்கின சளியை மேலே தள்ளுது. சில வாரம் இப்படித்தான் இருக்கும். சளி மஞ்சள், பச்சைன்னு மாறினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரைப் பாருங்க. ரத்தம் கலந்தாலோ எடை குறைஞ்சாலோ சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அவசியம்.

அழற்சி விஷயத்துல ஒரு கசப்பான உண்மை. சிஓபிடி வராத புகைப்பழக்கக்காரருக்கு நிறுத்தினா அது குறையுது. சிஓபிடி வந்தவருக்கு அப்படி இல்லை. நெதர்லாந்தில் நடந்து 2005ல் வெளியான ஆய்வுல, நிறுத்தி ஒரு வருஷம் கழிச்சும் சளியில நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணுக்களும், அழற்சியைத் தூண்டுற இன்டர்லூக்கின் 8-ம் குறையலை, அதிகம்தான் ஆச்சு. அடுப்பை அணைச்சாலும் கங்கு கனன்றுகிட்டே இருக்கிற மாதிரி. சிதைஞ்ச திசு தன்னைச் சரிபண்ணிக்கிற முயற்சி, குழாய்ல குடியேறின பாக்டீரியா ரெண்டும் காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க.

"அப்போ ஏன் விடணும்?"னு அவர் கேட்பார். அமெரிக்கா, கனடாவுல 11 வருஷம் தொடர்ந்து பார்த்ததுல, விட்ட ஆண்களுக்கு முதல் நொடியில ஊதித் தள்ளும் காற்று வருஷம் சுமார் 30 மில்லி குறைஞ்சது. விடாதவங்களுக்கு 66. சரிவோட வேகம் பாதியாகுது. அதுக்கு ஈடான மாத்திரை இன்னைக்கு வரைக்கும் இல்லை.

மருந்துச்சீட்டு:
நடுக்கத்துக்கு எனக்கு முதல் சந்தேகம் டெரிபிலின் மேலதான். அதுல மூச்சுக்குழாயை விரிக்கிற தியோபிலின் இருக்கு. பீடிப் புகையில இருக்கிற தார்ப் பொருள்கள் கல்லீரல் நொதியை முடுக்கி விடும், மருந்து சீக்கிரம் கழிஞ்சிடும். புகை நின்ன ஒரு வாரத்துலயே அந்த வேகம் குறையுது. அதே மாத்திரை, ஆனா ரத்தத்துல அளவு ஏறிடும். நடுக்கம், படபடப்பு, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் அதோட அறிகுறி. வழக்கமா டாக்டர்கள் கால் பங்கிலிருந்து மூணுல ஒரு பங்கு வரை டோஸைக் குறைப்பாங்க. ரத்த அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்க. நீங்களா ரிடார்ட் மாத்திரையை நசுக்கிப் பாதி பண்ணாதீங்க, மொத்த மருந்தும் ஒரேயடியா இறங்கிடும். படபடப்பு ரொம்ப அதிகமானா, வாந்தி நிக்காம வந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரி.

நிகோடின் அந்த நொதியை முடுக்காது. அதனால கம் மென்னாலும் கணக்கு மாறாது. காபியும் இதே வழியில கழியறதுதான், பழைய நாலு டம்ளர் ஃபில்டர் காபி இப்போ எட்டு மாதிரி வேலை செய்யும். சளிக்கு சிப்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாடிக் எழுதினா, தியோபிலின் எடுக்கிறதைச் சொல்லிடுங்க. அது இன்னும் ஏத்தும்.

மாடவீதி_62:
ரொம்ப நன்றிங்க. காபியை யாருமே சொல்லலை. கம் போட்டும் ஆசை அடங்கலையே?

மருந்துச்சீட்டு:
எழுந்து அரை மணிக்குள்ள முதல் பீடி பிடிச்சவருக்கு 4 மி.கி. தான் சரி, அதுக்கு டாக்டர் சீட்டு வேணும். சூயிங்கம் மாதிரி மெல்லக்கூடாது. சுருக்குன்னதும் கன்னத்துல ஒதுக்கி, சுருக்கு அடங்கினதும் மறுபடி மென்னு, அரை மணி நேரம். காபி குடிச்ச 15 நிமிஷத்துக்குள்ள போட்டா நிகோடின் சரியா ஏறாது.

நெஞ்சுக்கூடு:
ராத்திரி ரூம்ல கொசுவர்த்திச் சுருள் எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா நிறுத்திட்டு வலை கட்டுங்க. போகி அன்னைக்கு விடிகாலையில ஜன்னலை அடைச்சு அவரை உள்ளேயே வெச்சுக்கங்க. பீடி ஆசை தூண்டினா கூப்பிட 1800 112 356, புகையிலை நிறுத்த உதவி எண், காசில்லை.