வேப்பர் லாக்: ஆவிப்பூட்டா, ஆவியடைப்பா, ஆவிப்பிடிப்பா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வேப்பர் லாக்குக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழையை நாலு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத நேரம் வாய்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் பழைய பத்மினி கார், குன்னூர் மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் படுத்துக்கொண்டது. சாலையோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, குரங்குகளிடமிருந்து வாழைப்பழத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் இந்த மடலில் பாதி மனதுக்குள் உருவாகிவிட்டது.

கோத்தகிரி நண்பர் கேட்டதை மறுபடி எடுத்துப் போடுகிறேன். இத்தனை மடல்களுக்கு அடியில் அது புதைந்து போயிற்று.

> மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது குஞ்சப்பனை தாண்டியதும் வண்டி இருமி இருமி நின்றுவிடுகிறது. அரை மணி விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. வேப்பர் லாக் என்கிறார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். தமிழில் இதை என்னவென்று எழுதலாம்?

இதுவரை வந்தவை ஆவிப்பூட்டு, ஆவியடைப்பு, ஆவித்தடை. அப்புறம் குன்னூர் அண்ணாவின் அதட்டல்: "மெக்கானிக்கிடம் போய்ப் புலவர் மாதிரி பேசாதீர்கள். வேப்பர் லாக் என்றே எழுதித் தொலையுங்கள்."

ஒரு கோளாறுக்குப் பெயர் தேடும்போது நான் பார்ப்பது இதைத்தான்: அந்தப் பெயரைக் கேட்டதும் வழியில் நிற்கிறவரின் கை எதை எடுக்கப் போகும்? ஸ்பேனரையா, ஈரத்துணியையா? இந்தக் கோளாறுக்கு ஈரத்துணி போதும். ஸ்பேனரை எடுக்கவைக்கிற சொல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

உள்ளே நடப்பதைப் பற்றி நமக்குள் சண்டையில்லை, ஆனாலும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நம் பழைய வண்டிகளில் பெட்ரோல் பம்ப் என்ஜின் பக்கவாட்டிலேயே மாட்டியிருக்கும். என்ஜினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு தள்ளத் தள்ள, பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு ஏறி இறங்கி, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சுகிற குழாயில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் எதுவும் சீக்கிரம் கொதிக்கும். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே, டேங்க் கீழே, ஆகவே இன்னும் பலமாக உறிஞ்ச வேண்டும். செகண்ட் கியரில் என்ஜின் கத்துகிறது, வண்டியோ மாட்டுவண்டி வேகத்தில் போகிறது, பானெட்டுக்குள் காற்று சரியாகப் புகுவதில்லை. பெட்ரோல் என்பது ஒரே சரக்கும் இல்லை. 35, 40 டிகிரியிலேயே ஆவியாகப் பார்க்கிற பாகமும் அதில் உண்டு, 200 டிகிரி வரை அசையாத பாகமும் உண்டு. சூடேறிய குழாயில் அவசரக்காரப் பாகம் முதலில் குமிழாகிவிடும். டயாஃப்ரம் அந்தக் குமிழை அமுக்கும், விடும், மறுபடி அமுக்கும். பெட்ரோல் நகராது.

உயரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,850 வாக்கில், ஊட்டி 2,240. ஊட்டியில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். தண்ணீரே அங்கே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகவைக்கப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். பெட்ரோலும் அதே காற்றில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. ஆவியாவதற்கு அது இன்னும் கொஞ்சம் அவசரப்படும், பழைய ரப்பர் குழாயையும் இளக்கும்.

புது வண்டிகளில் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்து பெட்ரோலை முன்னால் தள்ளுகிறது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் லேசில் குமிழாவதில்லை. அதனால் என் மருமகனுக்கு இப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது. பர்லியாரிலிருந்து போன் செய்தபோது, "டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா மாமா?" என்று கேட்டார்.

என் வண்டியில் பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஃபில்டர் போட்டிருக்கிறேன். பானெட்டைத் திறந்ததும் அதைத்தான் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி. மிச்சத்தில், ரசம் கொதி வருவதற்கு முன் ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை கூடுமே, அப்படி ஒரு நுரை. துண்டை நனைத்துப் பிழிந்து பம்ப் மேல் போட்டேன். துண்டிலிருந்து லேசாகப் புகை மாதிரி எழும்பியது. கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கி, ஃபில்டரில் பெட்ரோல் மட்டம் நூல் நூலாக மேலே வந்தது. நான் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. சொல்லில் இது வர வேண்டும் என்பதுதான் என் கட்சி: தானாகப் பிடித்தது, தானாக விட்டது.

இனி ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம்.

ஆவியடைப்பு. இந்தச் சொல்லால் நான் கைக்காசு இழந்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் அடிவாரத்தில் ஒரு பட்டறை. "லைன்ல ஆவி அடைச்சிருக்கு போல" என்றேன். மெக்கானிக் காதில் விழுந்தது "அடைச்சிருக்கு" மட்டும். அடைப்பு என்றால் பட்டறையில் அர்த்தம் ஒன்றுதான்: ஜெட்டில், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் பொடித்துளையில், தூசி. கார்புரேட்டரைக் கழற்றினார், ஜெட்டை ஊதினார், டேங்கை வடித்தார். மூன்று மணி நேரம், 1,800 ரூபாய். மாட்டி முடித்ததும் ஒரே ஸ்டார்ட்டில் வண்டி கிளம்பியது. ஒரு துணுக்குத் தூசியை விரல் நுனியில் வைத்துக் காட்டினார். கைராசிக்காரர் என்று நானும் நம்பிவிட்டேன். சாமான்களைப் பிரித்துப் போட்டிருந்த அந்த மூன்று மணி நேரத்தில் என்ஜின் ஆறிப்போயிருந்தது என்பது அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் நின்றபோதுதான் உறைத்தது. அவர் மேல் குற்றமில்லை, நான் சொன்ன சொல் அப்படி.

ஆவிப்பூட்டு. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது என்பதற்காக இதைத் தள்ளக் கூடாது. கொண்டை ஊசி வளைவும் அப்படிப் பெயர்த்து வந்ததுதான். நெடுஞ்சாலைத் துறைப் பலகையிலும் இருக்கிறது, பஸ் கண்டக்டர் வாயிலும் இருக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையைப் பற்றிப் பேசினால் யாராக இருந்தாலும் "36 கொண்டை ஊசி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வீட்டுக்கு வீடு கொண்டை ஊசி இருந்தது, அதன் வளைவைக் கண்ணால் பார்த்திருந்தார்கள், சொல் ஒட்டிக்கொண்டது. பூட்டு அப்படி ஒட்டாது. பூட்டு என்றதும் சாவி எங்கே என்று மனம் தேடும், இங்கே சாவி இல்லை. அதைவிடப் பெரிய சங்கடம், வண்டியோடு சேர்ந்தால் நம் ஊரில் பூட்டுவது என்பதன் பொருளே வேறு. "வண்டியைப் பூட்டு" என்றால் மாட்டைக் கட்டு, கிளம்பலாம் என்று அர்த்தம். நின்றுபோன வண்டிக்கா அந்தச் சொல்?

ஆவித்தடை பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆவியைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் என்று படிக்கவும் இடம் தருகிறது.

குன்னூர் அண்ணாவுக்கு: நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நம் மெக்கானிக்குகள் வேப்பர் லாக் என்றா சொல்கிறார்கள்? நான் கேட்டவரையில் ஏர் லாக் என்கிறார்கள். டீசல் ஜீப் எண்ணெய் தீர்ந்து நின்றாலும் ஏர் லாக், பெட்ரோல் பத்மினி சூட்டில் நின்றாலும் ஏர் லாக். இரண்டும் ஒன்றில்லை. டீசல் லைனில் புகுந்தது வெளிக்காற்று. எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது போகாது. ஃபில்டர் மேல் இருக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நிற்கிறவரை ஏர் எடுத்தாக வேண்டும். பத்மினியில் இருப்பது பெட்ரோலின் ஆவி. ஆறினால் மறுபடி பெட்ரோலாகிவிடும். ஏர் எடுக்கிறேன் என்று சூடான என்ஜின் பக்கத்தில் பெட்ரோல் குழாயைக் கழற்றினால் தீப்பிடிக்கலாம். ஆக, கடன் வாங்கிய சொல் இங்கே தெளிவு தரவில்லை, இரண்டு நோயை ஒரே பெயரில் கட்டிப்போட்டிருக்கிறது.

என் பரிந்துரை ஆவிப்பிடிப்பு. வாயுப்பிடிப்பு நமக்கு எல்லோருக்கும் தெரியும். குனிந்து குடத்தைத் தூக்கும்போது விலாவில் சுருக்கென்று பிடித்துக்கொள்ளும், அசைய முடியாது. யாரும் ஆபரேஷனுக்கு ஓடுவதில்லை. உட்கார்ந்து, சுக்குத் தண்ணீர் குடித்து, "பிடிப்பு விட்டுதா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த "விடுவது" சொல்லோடு கூடவே வருகிறது. "குஞ்சப்பனையில் ஆவிப்பிடிப்பு, அரை மணியில் விட்டுடுச்சு" என்று போனில் சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை. டீசல் கோளாறுக்குக் காற்றுப்பிடிப்பு என்று இதற்கு ஒரு தம்பியையும் வைத்துக்கொள்ளலாம். காற்றுப்பிடிப்பை எடுக்க வேண்டும், ஆவிப்பிடிப்பு தானே விடும்.

ஆவி பிடிப்பது சளிக்கல்லவா என்று கேட்கப் போகிறீர்கள். சளிக்கு நாம் செய்வது ஆவியைப் பிடித்தல், இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று மிகாது: ஆவி பிடித்தல். வண்டிக்கு வந்தது ஆவியால் உண்டான பிடிப்பு, உருபும் பயனும் உடன்தொக்க தொகை, ஒற்று மிகும்: ஆவிப்பிடிப்பு. வல்லின ஒற்றை விட்டுவிட்டுத் தட்டச்சுகிறவர்கள் இந்த ஒரு 'ப்'பையாவது காப்பாற்றிக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.

குறிப்புக்கு உதவுமே என்று: ஏற்றம் முடிந்ததும் சட்டென்று என்ஜினை அணைத்துவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். அணைத்த பிறகுதான் பம்ப் இன்னும் சூடேறும், ஃபேன் நின்றுவிடுகிறதே. இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் போங்கள். ஈரத்துணிதான், குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது, பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் நனைந்தால் அது வேறு கதை. பம்புக்கும் என்ஜினுக்கும் நடுவில் சூட்டை லேசில் கடத்தாத பேக்லைட் கட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். என் வண்டியில் யாரோ புண்ணியவான் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் கேஸ்கெட் வைத்திருந்தார்.

அன்புடன்,
குன்னூர் சாலையில் நிற்கும் பத்மினிக்காரன்

(மறுநாள் காலை, அதே இழையில்)

வணக்கம்.

ராத்திரி வந்த ஏழு மடல்களில் ஒன்று என்னை உட்காரவைத்துவிட்டது. தேயிலை ஃபேக்டரியில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா எழுதியது:

> ஏறும்போது பெட்ரோலுக்குச் சரி. இறங்கும்போது பிரேக் ஆயில் கொதித்துக் குமிழாகிப் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதே, அதுவும் வேப்பர் லாக்தான். அதையும் ஆவிப்பிடிப்பு என்பீர்களா? "பிரேக்கில் பிடிப்பு" என்றால் நல்லது என்றல்லவா நினைப்பார்கள்?

நினைக்கத்தான் செய்வார்கள் ஐயா. பிரேக் பிடிப்பது நமக்கு வேண்டிய காரியம், இதுவோ பிடிக்காமல் போவது. நேற்று இது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. பெட்ரோலில் ஆவி பிடித்தால் வண்டி நிற்கும். பிரேக்கில் பிடித்தால் வண்டி நிற்காது. இப்படி இரண்டு விஷயத்துக்கு ஒரே பெயர் வைத்து, யாராவது "தானே விடும்" என்று நம்பிக் கல்லட்டியில் இறங்கினால் அந்தப் பாவம் என் தலையில். அதனால் ஆவிப்பிடிப்பைப் பெட்ரோலோடு நிறுத்திக்கொள்கிறேன். பிரேக்குக்குக் கலைச்சொல் எதுவும் வேண்டாம், "பிரேக் ஆயில் கொதித்துவிட்டது" என்றே எழுதலாம். கேட்டதும் பயம் வரும், வரட்டும். டாட் 3 என்ற ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை 205 டிகிரியாவது இருக்கும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயில் 140-ஐ ஒட்டியே கொதிக்கலாம். நம் மலை மூட்டத்தில் ஈரத்துக்கா பஞ்சம்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள்.

ஐயா கேட்ட மற்றது, "பிடிப்பு" பேச்சுவழக்கு, பாடப்புத்தகத்தில் ஏறுமா என்பது. ஏறாவிட்டால் போகட்டும். பாடப்புத்தகத்தில் கார்புரேட்டரே இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப்போகிறது?

கடைசியாகக் கோத்தகிரி நண்பருக்கு. உங்கள் நேற்றைய மடலில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். சொல் சண்டையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, நானும் காலையில்தான் பார்த்தேன்:

> போன வாரம் விடியற்காலை வீட்டு வாசலிலேயே ஒருமுறை இதேபோல் நின்றது.

விடியற்காலையில், கோத்தகிரிக் குளிரில், ஆறிப்போன என்ஜினில் ஆவிப்பிடிப்பு வராது. ஏற்றத்தில் நிற்பது வேண்டுமானால் அதுவாக இருக்கலாம், இது வேறு. பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். என்ஜின் ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை, டிப்ஸ்டிக்கை, உருவி முகர்ந்து பாருங்கள். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் கீழே ஆயிலில் இறங்கும், ஆயில் மட்டமும் கூடியிருக்கும். பெட்ரோல் வாடை அடித்தால் டயாஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்றுகிறவரை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், குறிப்பு அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.