கழுத்து ஆபரேஷன் முடிந்தும் பெருவிரல் விறைப்பு போகவில்லை, கொழுந்து எடுக்கப் போகலாமா?

டிக்கோயா மகள்
வணக்கம். அம்மாவுக்கு 52 வயது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். கழுத்தின் 5ஆம், 6ஆம் எலும்புகளுக்கு நடுவிலுள்ள சி5–சி6 டிஸ்க் நரம்பை அழுத்தியதால் முன்கழுத்து வழியாக ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். 4 மாதம் ஆகிறது. தோள்வலி, கைவலி போய்விட்டது. ஆனால் வலது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய்த்தான் இருக்கின்றன. விடியக் குளிரில் ஊசி குத்துவதுபோல இருக்கிறதாம். தேத்தண்ணிக் கோப்பை நழுவுகிறது, ஊக்கு மாட்ட முடியவில்லை. இரவில் நரம்பு வலிக்கான பிரீகாபலின் மாத்திரை 75 மில்லிகிராம் எடுக்கிறார். விறைப்பு போகுமா? கூடை எப்போது மாட்டலாம்?

பிசியோ, பதுளை
தங்கச்சி, பெரும்பாலும் வலிதான் முதலில் போகும். பிறகு பலம் வரும். விறைப்பு கடைசியாகத்தான் விலகும். ஆபரேஷன் அழுத்தத்தை எடுத்துவிட்டது. நசுங்கிக் கிடந்த நரம்பு இனித் தானாகத் தேற வேண்டும். நரம்பு இழைகளில் மேலுறை மட்டும் கெட்டவை சில மாதங்களில் சரியாகும். அறுந்துபோன இழை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். கழுத்திலிருந்து பெருவிரல் நுனிக்கு முக்கால் மீட்டர் தூரம். ஆகவே 4 மாதத்தில் முடிவு கட்டாதீர்கள், ஒரு வருடம் தாண்டியும் மாற்றம் வரும். கொஞ்ச விறைப்பு நிலைத்துவிடவும் கூடும். அதை அம்மாவிடம் மறைக்க வேண்டாம்.

இரண்டு இலையும் மொட்டும் கிள்ளுவது இந்த இரண்டு விரலும்தான், அதனால் பயிற்சியும் அதற்கே. ஒரு சட்டியில் அரிசி போட்டு பொத்தான், கடலை, 1 ரூபாய்க் குற்றி மூன்றையும் புதைத்துவிடுங்கள். முதலில் பார்த்துக்கொண்டே தொடட்டும், பிறகு கண்ணை மூடித் தேடி எடுக்கட்டும், தவறினால் திரும்பப் பார்க்கட்டும். 5 நிமிடம், நாளைக்கு 3 தடவை போதும். சமையலுக்குப் போஞ்சி ஒடிக்கும் வேலையை அம்மாவிடமே கொடுங்கள். கொழுந்து கிள்ளும் அதே பிடி. ரொட்டி மாவை உருட்டிப் பெருவிரலால் ஒவ்வொரு விரலோடும் நசுக்கலாம். ஊசி குத்தல் கூடினால் அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள். வலிக்க வலிக்கச் செய்தால் நரம்பு வேகமாக வளராது.

வாரம் ஒரு தடவை 10 விநாடியில் எத்தனை முறை கையை முழுதாக மூடித் திறக்கிறார் என்று எண்ணி கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். 20க்குக் குறைந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் இறங்கினால் கட்டாயம் காட்ட வேண்டும், அது முள்ளந்தண்டு வடம் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

வார்ட் தாதி
விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது. குளிருக்கு அடுப்பங்கரையில் கை காயவைக்கும்போதுதான் கொப்புளம் வரும். சுடுதண்ணீரை மற்றக் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில்வர் டம்ளர் வேண்டாம், தடித்த பிடியுள்ள கோப்பை கொடுங்கள். பிடியில் துணி சுற்றினால் நழுவாது. விறைத்த கைக்குச் சுடுதண்ணீர்ப் போத்தல் வைக்காதீர்கள், கம்பளிக் கையுறை போதும். தினமும் படுக்கும் முன் விரல்களில் காயம் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

பிரீகாபலினால் காலையில் தலை சுற்றலாம். லயத்துப் படிகளில் அது ஆபத்து, எழும்பியவுடன் இறங்க விடாதீர்கள். குணமானதுபோல இருந்தாலும் மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது, டொக்டர் சொல்லும் அளவில் குறைக்க வேண்டும். கழுத்தில் நெட்டி முறிக்க, சுளுக்கெடுக்க யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

டிக்கோயா மகள்
நன்றி அக்கா. ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: நடுச்சாமத்தில் எழும்பிக் கையை உதறுகிறார், உதறினால் கொஞ்சம் குறைகிறதாம். நடுவிரலும் விறைக்கிறது.

பிசியோ, பதுளை
இது முக்கியமான விஷயம். உதறினால் குறைவது மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்குப்படுவதன் அடையாளம். கழுத்தில் நசுங்கிய சி6 நரம்பின் விறைப்பு முன்கையின் பெருவிரல் பக்கமாகவும் ஏறும். மணிக்கட்டு நெருக்கடியில் விறைப்பு விரல்களோடு நிற்கும். கொழுந்து எடுத்துப் பழகிய கைக்கு இரண்டும் சேர்ந்தே வரலாம், அப்போது கழுத்தைச் சரிசெய்தாலும் விரல் தேறாது. அடுத்த கிளினிக்கில், நரம்பு எங்கே நெருக்குப்படுகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனை கேளுங்கள். சீனி, தைரொயிட், பி12 இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். அதுவரை இரவில் மணிக்கட்டு மடங்காதபடி நேராக வைக்கும் பட்டை கட்டலாம்.

கூடை: கழுத்தெலும்புகள் ஒட்டியது எக்ஸ்ரேயில் தெரிந்து, ஆபரேஷன் செய்த டொக்டர் சொல்லும்வரை வேண்டாம். கயிறு தலையில் விழும்போது பாரம் முழுவதும் கழுத்து வழியாகத்தான் இறங்கும். தகடு வைத்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள டிஸ்க்குகள் அதைத் தாங்க வேண்டிவரும். மழைநாள் கொழுந்துக்கு எடை இன்னும் கூட. இலகு வேலைக்குக் கடிதம் கேட்கும்போது “தலையில் பாரம் கூடாது, நீண்ட நேரம் குனியக் கூடாது” என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். வெறுமனே இலகு வேலை என்றிருந்தால் தவறணையில், அதாவது தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தில், கன்றுக்கான மண் கூடு நிரப்ப அனுப்புவார்கள், அங்கே நாள் முழுதும் தலை குனிந்தே இருக்கும்.

வார்ட் தாதி
நடை தள்ளாடினால், கையில் புதிதாகப் பலம் குறைந்தால், சலம் போவதில் மாற்றம் வந்தால், காய்ச்சலோடு காயத்தில் நீர் வடிந்தால் கிளினிக் திகதிவரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஆபரேஷன் செய்த விபரம் எழுதிய அட்டையையும் எம்ஆர்ஐ படத்தையும் கையோடு கொண்டு போங்கள்.