அழகும் மைலேஜும்: சின்ன ஹேட்ச்பேக் எடுக்கும்போது கணக்குத் தப்பும் இடங்கள்

(சிலர் புனைபெயரில் மாறி மாறிச் சொன்னது; ஒவ்வொரு பகுதியின் மேலே இருப்பது பேசுபவரின் பெயர்.)

பதினஞ்சு இஞ்ச்:
ஷோரூமில் அழகு என்று காட்டுவதில் பாதி சக்கரம்தான். ஒரே காரில் கீழ் மாடலுக்கு 185/65 ஆர்15, டாப் மாடலுக்கு 195/55 ஆர்16 என்று டயர் வரும். முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம்மின் அங்குல அளவு. இரண்டின் மொத்த விட்டமும் ஏறக்குறைய 621 மி.மீ. என்பதால் ஸ்பீடோமீட்டர் மாறாது. குறைவது டயரின் பக்கச்சுவர்: 120 மி.மீ. இருந்தது 107 ஆகிவிடும். பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பது அந்த 13 மி.மீ. ரப்பர்தான். அது போனால் ரிம் நெளியும், பக்கச்சுவர் வீங்கும். வீங்கிய டயருக்குப் பஞ்சர் வேலை கிடையாது, தூக்கிப் போடத்தான் வேண்டும். அகலமும் எடையும் கூடுவதால் மைலேஜும் கொஞ்சம் இறங்கும்.

இன்னொன்று, முகத்தை லேத்தில் பளபளவென்று வெட்டிய டைமண்ட் கட் அலாய் சக்கரம். வெட்டிய முகத்தின் மேல் இருப்பது வெறும் தெளிவான லாக்கர் பூச்சு. நடைபாதை ஓரத்தில் ஒரு முறை உரசினால் கீறல் வழியே ஈரம் இறங்கி, பூச்சுக்கு அடியில் வெள்ளையாகப் படரும். லேத்தில் மறுபடி வெட்டலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் உலோகம் தேய்வதால் அதற்கு எல்லை உண்டு. பெயின்ட் அடித்த அலாய் என்றால் தேய்த்து அடித்துவிட்டுப் போகலாம்.

பின் கண்ணாடி:
சக்கரத்தைச் சொன்னீர்கள் சார், விளக்கை விட்டுவிட்டீர்கள். மெல்லிசான எல்இடி ஹெட்லைட் பல கார்களில் சீல் செய்த ஒரே யூனிட். உள்ளே ஒன்று செத்தாலும் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். ஹாலஜன் அழகில்லைதான், ஆனால் பல்பை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது.

பின்பக்கம் ஏறிப்போகும் ஜன்னல் கோடும் தடித்த பின் தூணும் படத்தில் ஜோராக இருக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது தோள் திருப்பினால் பிளாஸ்டிக்தான் தெரியும். கேமரா இருக்கிறதே என்பார்கள்; அதன் லென்சில் சேறு பட்டால் அதுவும் கிடையாது. காசு கேட்காத அழகும் இருக்கிறது. நீண்ட வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம்), சக்கரத்துக்கு முன்னும் பின்னும் குட்டையான உடம்பு. இத்தாலிய கார் வடிவமைப்பாளர் ஜுஜாரோ வரைந்த 1974 ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் இன்றும் பார்க்க நன்றாக இருப்பது அதனால்தான், ஸ்டிக்கரால் இல்லை.

குளிர் ஸ்டார்ட்:
தினசரி ஓட்டம் என்ன என்று தெரியாமல் இன்ஜினைப் பற்றிப் பேசுவது வீண். ஒரு ஓட்டம் 5 கி.மீ.க்குள் முடிகிறதா? டீசல் பக்கமே போக வேண்டாம். புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, சேர்ந்த கரியை எரிக்க ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் கேட்கும். குட்டி ஓட்டத்தில் அது கிடைக்காது. பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முயற்சியிலும் டீசல் எரியாமல், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கி ஆயிலோடு கலக்கலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படக் கூடாது.

ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் மெதுவாக ஓட்டுகிறவருக்கு நல்ல மைலேஜ் தரும். அடிக்கடி மிதித்தால் டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜினை விட அதிகம் குடிக்கலாம். இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது டைமிங் செயினா, பெல்ட்டா, ஆயிலுக்குள்ளேயே ஓடும் பெல்ட்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வகையில் தப்பான கிரேடு ஆயில் ஊற்றினாலோ ஆயில் மாற்றம் தள்ளிப்போனாலோ பெல்ட் உதிரும்; அந்தத் தூள் ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும்; பிறகு ஆயில் பிரஷரே இருக்காது. நின்று நின்று போகும் ஓட்டத்துக்கு பெட்ரோல் இன்ஜினோடு, தனியாகவும் காரை நகர்த்தும் மின் மோட்டார் உள்ள ஃபுல் ஹைப்ரிட்தான் கெட்டிக்காரன், விலை ஒத்துவந்தால்.

அரை கிளட்ச்:
ஆட்டோமேட்டிக் எடுப்பவர்களுக்கு: ஏஎம்டி (சாதாரண கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் கருவியே இயக்குவது) மலிவு, கியர் மாறும்போது தலை ஆடும். இரண்டு கிளட்ச் உள்ள, ஆயிலில் நனையாத உலர் டூயல் கிளட்ச் ஊர்ந்து போகும் நெரிசலில் சூடாகும். படிப்படியான கியரே இல்லாத சிவிடியில் மிதித்தால் இன்ஜின் கத்தும், நெரிசலுக்கு அதுதான் சுகம்.

முழு டேங்க்:
லிட்டருக்கு 22 கி.மீ.யா 24-ஆ என்று மண்டையை உடைக்க வேண்டாம். வருஷம் 10,000 கி.மீ. ஓட்டினால் வித்தியாசம் 38 லிட்டர்தான். ஆனால் 16-க்கும் 20-க்கும் நடுவே 125 லிட்டர். டேஷ்போர்டு காட்டும் மைலேஜும் சில நேரம் தாராளம் காட்டும். ஒரே பங்க், ஒரே பம்பு, நாசில் முதல் தடவை கட் ஆனதும் நிறுத்தி ட்ரிப்பை ஜீரோ செய்யுங்கள். 300 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டி அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது ஏறிய லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும்.

பதினஞ்சு இஞ்ச்:
டெஸ்ட் டிரைவ் எடுப்பவர்களுக்கு நல்ல ரோடு மட்டும் போதாது. ஏசியைப் போட்டு, நாலு பேரோடு, முதல் கியரில் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள். சின்ன இன்ஜின் அங்கேதான் மூச்சு வாங்கும். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி முழு அளவா, 80 கி.மீ. வேகம் தாண்டக் கூடாத மெல்லிசா, வெறும் பஞ்சர் கிட்டா என்றும் பாருங்கள். பழைய கார் என்றால் டயரின் பக்கச்சுவரில் இருக்கும் டாட் (DOT) குறியீட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், அது தயாரித்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். கார் வருஷத்தை விட டயர் பழசாக இருந்தால், ஏன் என்று விற்பவரிடமே கேளுங்கள்.