வீட்டு நாய்கள் இரண்டு திடீரென்று ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன: உடனடி ஆலோசனை தேவை

கரிசல்காட்டான் | திங்கள், இரவு 11:14

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று நாய்கள் உள்ளன. இத்தனை நாளும் ஒன்றன் முதுகில் ஒன்று தலைவைத்துத் தூங்கியவற்றில் இரண்டு, கடந்த பத்து நாட்களாகப் பார்த்த இடத்திலேயே பாய்ந்து கடித்துக்கொள்கின்றன. இன்று நடந்தது நான்காவது சண்டை. பெரியதன் காது கிழிந்து, கூடமெங்கும் இரத்தம். மஞ்சள் தூளை அப்பி, ஒன்றை மாட்டுத் தொழுவத்திலும் மற்றதை வீட்டுக்குள்ளும் கட்டியிருக்கிறோம். ஒன்றை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறார் என் தாயார். எனக்கு மனம் வரவில்லை. இவை பழையபடி ஒற்றுமையாக என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

மழைத்துளி | திங்கள், இரவு 11:31

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியதிலிருந்து எதையும் சொல்ல இயலவில்லை. சண்டையிடும் இரண்டும் ஆணா, பெண்ணா? வயது என்ன? கருத்தடை செய்யப்பட்டவையா? எது பழையது, எது பின்னால் வந்தது? நான்கு சண்டைகளும் வீட்டின் எந்தெந்த இடத்தில், எதை முன்னிட்டுத் தொடங்கின? இவற்றை எழுதுங்கள். அதுவரை இரண்டையும் ஒன்றன் கண்ணில் ஒன்று படாமல் வையுங்கள். மஞ்சள் தூளை நம்பி இருக்க வேண்டாம். நாய்ப்பல் பட்ட காயம் வெளியே மிளகளவு தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இறங்கிச் சீழ் வைக்கும்.

தோட்டத்துவீடு | திங்கள், இரவு 11:52

ஐயா, கம்பம் பக்கம் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளாகக் கோம்பை நாய்களும் நாட்டு நாய்களும் வளர்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இது தலைமைப் போட்டி, வேறொன்றும் இல்லை. நாய்க் கூட்டத்திற்கு ஒரு தலைவன் இருந்தே ஆக வேண்டும். அந்த இடம் யாருடையது என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்யாவிட்டால் அவையே பல்லால் முடிவு செய்துகொள்ளும். மூத்ததற்கு முதலில் சோறு வையுங்கள், முதலில் வாசலைக் கடக்க விடுங்கள், முதலில் தடவிக் கொடுங்கள். இளையது உறுமினால் கழுத்தைப் பிடித்துத் தரையோடு அழுத்தி, அடங்கும் வரை விடாதீர்கள். ஒரு வாரத்தில் வீடு அமைதியாகிவிடும்.

பழையவாசகர் | செவ்வாய், காலை 6:05

இதே கேள்விக்கு இங்கே பலமுறை விரிவாக விடை எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லாமல் போனது வருத்தத்திற்குரியது. தோட்டத்துவீடு அவர்கள் சொல்லும் 'தலைவன்' கதை, 1947-இல் விலங்கியலாளர் ருடால்ஃப் ஷென்கெல், சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சியகத்தில் அடைபட்டிருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பிறந்தது. அதை 1970-இல் தம் நூலின் வழியே உலகெங்கும் பரப்பிய டேவிட் மெக், பிற்பாடு கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகள் அருகிருந்து பார்த்தவர். கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் சேர்ந்த குடும்பமே என்றும், பெற்றோரைப் போராடி வென்ற தலைவர் என்று அழைப்பது பொருந்தாது என்றும் 1999-இல் அவரே எழுதினார். ஓநாய்க்கே பொருந்தாததை வீட்டு நாய்க்குப் பொருத்தி, அதன் கழுத்தை வேறு அழுத்தச் சொல்கிறீர்கள். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

கரிசல்காட்டான் | செவ்வாய், காலை 7:40

விடையளித்த அனைவருக்கும் நன்றி. அவசரத்தில் விவரங்களை எழுத மறந்துவிட்டேன். மூத்தது கருப்பி, நாட்டு நாய், ஏழு வயது, கருத்தடை ஆனது. இளையது மின்னல், சிப்பிப்பாறை, ஒன்றரை வயது. இரண்டு மாதக் குட்டியாக வந்தது. இரண்டும் பெட்டைகள். மூன்றாவது ராமு, நான்கு வயதுக் கடுவன். அவன் யார் வம்புக்கும் போவதில்லை. முன்பு மின்னல் கருப்பியின் காலடியில்தான் கிடக்கும். இப்போது பாதிப் பொழுதைக் கட்டிலுக்கு அடியிலேயே கழிக்கிறது. நாங்கள் போனாலும் எளிதில் வெளியே வருவதில்லை. சண்டைக்குப் பயந்து ஒளிகிறது என்று நினைக்கிறோம். நேற்றுப் பிரிக்கும்போது என் கையில் ஒரு பல் பட்டது, பெரிதாக ஒன்றுமில்லை. அலுவலகம் கிளம்புகிறேன், இரவில் வருகிறேன்.

மழைத்துளி | செவ்வாய், காலை 7:48

அலுவலகம் இருக்கட்டும். கையில் பல் பட்டது என்பதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதுகிறீர்களே! தோல் கிழிந்ததா, இரத்தம் வந்ததா? குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். நேராக அரசு மருத்துவமனைக்குச் சென்று கடித்தது எந்த நாய், அதற்குக் கடைசியாக எப்போது வெறிநோய்த் தடுப்பூசி போட்டது என்பதைச் சொல்லுங்கள். வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

நாலுகால்நேசன் | செவ்வாய், காலை 9:15

மேலே உள்ளவர் சொன்னதை முதலில் செய்யுங்கள். நாய்களைப் பற்றி என் கருத்து ஒன்றே: திடீரென்று தொடங்கும் சண்டையின் அடியில் வலி இருக்கும். ஏழு வயது நாட்டு நாய்க்கு இடுப்பு மூட்டில் தேய்மானமோ, காதுக்குள் புண்ணோ, உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். வலியில் இருக்கும் நாய், தன்மேல் இடித்துக்கொண்டு விளையாட வரும் இளசைத் தாங்கிக்கொள்ளாது. எங்கள் வீட்டு லாப்ரடார் இப்படித்தான் ஆறு மாதம் 'கெட்ட நாய்' என்று பெயர் வாங்கியது. எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் நாங்கள் அதனிடம் மன்னிப்புக் கேட்டோம். கருப்பி எழும்போது பின்னங்கால் விறைக்கிறதா, படியேறத் தயங்குகிறதா என்று பாருங்கள்.

வேப்பமரநிழல் | செவ்வாய், பிற்பகல் 2:20

கைவிடப்பட்ட நாய்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருகிறேன்; இப்போது வீட்டில் ஐந்து. கரிசல்காட்டான் தம்பி, கருப்பிக்குக் கருத்தடை ஆனதாக எழுதினீர்கள். மின்னலைப் பற்றி அதை எழுதவில்லை. ஆகவே மூன்று கேள்விகள். மின்னல் கடைசியாக எப்போது பருவத்திற்கு வந்தது? கட்டிலுக்கு அடியில் அது தனியாக இருக்கிறதா, அல்லது ஏதாவது பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறதா? நான்கு சண்டைகளில் எத்தனை அந்தக் கட்டிலுக்கு அருகில் நடந்தன? பயந்து ஒளியும் நாய் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொண்டு படுக்கும். எதையோ காக்கும் நாய் சுவரோடு சுருண்டு, வருபவரைக் கண்ணை எடுக்காமல் பார்க்கும். மின்னல் எப்படிப் படுக்கிறது?

தோட்டத்துவீடு | செவ்வாய், மாலை 4:02

பழையவாசகர் ஐயா, உங்கள் ஓநாய்கள் தீவில் நலமாக இருக்கட்டும். என் தோட்டத்து நாய்கள் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையையும் படித்ததில்லை. கிழட்டு நாய் வந்தால் இளைய நாய் தட்டை விட்டு விலகி நிற்பதை நான் நாள்தோறும் காண்கிறேன். அதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள்?

பழையவாசகர் | செவ்வாய், மாலை 4:40

மரியாதை என்று பெயர் வைப்பேன். அது இங்கே அரிதாகி வருகிறது.

வேப்பமரநிழல் | செவ்வாய், மாலை 5:30

இருவருமே பாதி சரி. ரோம் நகரின் புறப்பகுதியில் தெருவில் திரியும் நாய்க் கூட்டமொன்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். அங்கே வரிசை என்ற ஒன்று இருக்கத்தான் செய்தது. வயதில் மூத்தவற்றுக்கு இளையவை பணிந்தன. ஆனால் அந்த வரிசையை அடையாளம் காட்டியது மூத்தது கடிப்பதல்ல, இளையது தானாக வாலைத் தாழ்த்தி, வாயை நக்கி, வழிவிடுவது. தோட்டத்துவீடு அண்ணன் தட்டருகே பார்ப்பதும் அதுதான். பிறகு அண்ணன் அந்தப் பணிவைக் கையால் வரவழைக்கச் சொல்கிறாரே, அங்கேதான் நான் மாறுபடுகிறேன். உறுமல் என்பது எச்சரிக்கை மணி. உறுமியதற்காக நாயை அழுத்தினால் அது உறுமுவதை விட்டுவிடும். அடுத்த முறை முன்னறிவிப்பின்றிக் கடிக்கும், அழுத்திய கையையும் சேர்த்து. முதலில் தம்பி விடை எழுதட்டும்.

கரிசல்காட்டான் | செவ்வாய், இரவு 9:55

மருத்துவமனைக்குச் சென்றேன், முதல் ஊசி போட்டாயிற்று. கடித்தது கருப்பி, அதற்குச் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் போட வேண்டிய ஊசி தவறிவிட்டது. மின்னலுக்குக் கருத்தடை செய்யவில்லை. தை மாதக் கடைசியில் பருவத்திற்கு வந்தது. அப்போது ராமுவை அக்கா வீட்டில் விட்டிருந்தோம், ஆகவே சினையாக இருக்க வாய்ப்பில்லை. இப்போது பங்குனி முடியப் போகிறது. கட்டிலுக்கு அடியில் என் மகளின் பழைய செருப்புகளும் ஒரு துணிப் பொம்மையும் கிடக்கின்றன. விளையாட்டுக்காக எடுத்துப் போகிறது என்று விட்டுவிட்டோம். இரண்டு சண்டைகள் அந்த அறை வாசலிலும், ஒன்று அடுக்களையிலும், நேற்றையது நான் வேலையிலிருந்து திரும்பியதும் முன்வாசலிலும் நடந்தன. ஆம், சுவரோடு சுருண்டுதான் படுக்கிறது. இதற்கும் சண்டைக்கும் தொடர்பு உண்டா?

வேப்பமரநிழல் | செவ்வாய், இரவு 10:40

உண்டு என்றே நினைக்கிறேன். இதைப் பொய்ச் சினை என்பார்கள். பருவம் முடிந்த பெட்டைக்கு, கடுவனோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும், உடலுக்குள் சினைக்காலத்தின் சுரப்புகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே ஓடுகின்றன. நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அந்தக் கணக்கு முடியும் வேளையில் சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் இறங்க, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஏறுகிறது. இல்லாத குட்டிக்கு உடல் தாயாகிவிடுகிறது. சில பெட்டைகள் இதை வெளியே காட்டுவதே இல்லை. சில மண்ணைத் தோண்டும், துணியைக் குவிக்கும், பொம்மையை நக்கும். தையிலிருந்து பங்குனிக் கடைசிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு அது செருப்பு. மின்னலுக்கு அது குட்டி. வழக்கம்போல் அறைக்குள் நுழைந்த கருப்பி, மின்னலின் கண்ணுக்குக் குட்டியைத் தூக்க வந்த அயல் நாயாகத் தெரிந்திருக்கும்.

அடுக்களையும் முன்வாசலும் வேறு கணக்கு. ஒரே வீட்டில் வாழும் நாய்களின் சண்டை பெரும்பாலும் ஒரே பாலினத்தவற்றுக்கு இடையில்தான் நடக்கிறது. அதிலும் பெட்டைகள் மோதினால் காயம் பெரிதாகிறது. எசமானரின் கவனம், உணவு, யாரோ வரும்போது எழும் பரபரப்பு, தரையில் கிடக்கும் பொருள் ஆகியவையே வழக்கமான தீப்பொறிகள். மின்னலும் குட்டிப் பருவம் கடந்து தன் இடத்தை உணரும் வயதில் இருக்கிறது. முதல் இரண்டு சண்டைகள் பகையை விதைத்தன. பிந்தியவை அந்தப் பகையின் விளைச்சல். எனவே பொய்ச் சினை இரண்டு மூன்று வாரங்களில் தானாக வடிந்தாலும் பகை அதனோடு சேர்ந்து வடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

நாளைக்கே இரண்டையும், தனித்தனியாக, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மின்னலுக்கு ஸ்கேன் எடுத்து உண்மைச் சினை இல்லை என்று உறுதி செய்யச் சொல்லுங்கள். அக்கா வீட்டில் ராமு இருந்தான், தெருவில் இருந்த கடுவன்கள் யார் வீட்டில் இருந்தன? மடியை அழுத்திப் பார்க்காதீர்கள், ஒத்தடமும் வேண்டாம். தொடத் தொடப் பால் கூடும். செருப்புகளை அதன் கண்ணெதிரே பிடுங்காமல், அது வெளியே உலாவப் போயிருக்கும்போது எடுத்துவிட்டுக் கட்டிலின் அடியை அடைத்துவிடுங்கள். கருத்தடையை இப்போதே முடித்துவிடலாம் என்று தோன்றும். பொய்ச் சினை நடக்கும்போது அறுவை செய்தால் அந்த நிலை நீடித்துவிடக்கூடும் என்பதால், அடங்கிய பிறகே நாள் குறிப்பார்கள்.

பழையவாசகர் | புதன், காலை 6:10

நானும் இதைத்தான் சொல்ல இருந்தேன். ஓநாய்க் கூட்டத்தில் குட்டி போடாத பெட்டைகளும் பிறர் குட்டிகளுக்குப் பாலூட்ட உதவிய காலத்தின் எச்சம் இது என்று ஒரு விளக்கம் உண்டு.

தோட்டத்துவீடு | புதன், காலை 7:25

இதைத்தான் சொல்ல இருந்தீர்கள் என்றால் நேற்றே சொல்லியிருக்கலாமே. அது போகட்டும். பொய்ச் சினை பற்றி வேப்பமரநிழல் அம்மா சொன்னது சரிதான். எங்கள் பெட்டை ஒன்று தேங்காய் மட்டையை அடைகாத்தது நினைவுக்கு வருகிறது. கழுத்தை அழுத்தச் சொன்னதை நான் திரும்பப் பெறுகிறேன். மூத்ததற்கு முதலில் சோறு என்பதை மட்டும் விடமாட்டேன்.

வேப்பமரநிழல் | புதன், காலை 8:15

அண்ணா, முதலில் யாருக்கு என்பதைவிட எங்கே என்பதுதான் இப்போது முக்கியம். வெவ்வேறு அறையில், கதவைச் சாத்தி, தட்டைக் கழுவி எடுத்த பிறகே திறக்க வேண்டும். தம்பி வேலையிலிருந்து வரும்போது இரண்டும் வாசலுக்கு ஓடிவரக்கூடாது. காயம் ஆறிய பிறகு, ஆளுக்கொரு வாராக இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, வெட்டவெளியில், ஒன்றையொன்று முறைக்காத தொலைவில் ஒரே திசையில் நடத்துங்கள். நேருக்கு நேர் கொண்டுவராதீர்கள். நாள்கள் செல்லச் செல்லத் தொலைவைக் குறைக்கலாம். இடையில் ஒருமுறை விறைத்து நின்றால் பழைய தொலைவுக்கே திரும்புங்கள். கூடை போன்ற வாய்க்கூட்டை இரண்டுக்கும் இப்போதே பழக்குங்கள். அதற்குள் தின்பண்டம் வைத்து, நாயே மூக்கை நுழைக்க வேண்டும். மீண்டும் சண்டை மூண்டால் கழுத்துப்பட்டையைப் பிடிக்காமல், கனமான போர்வையை மேலே போடுங்கள், அல்லது இடையில் ஒரு பலகையைச் செருகுங்கள்.

கரிசல்காட்டான் | அடுத்த வாரம் வியாழன், இரவு 10:05

மருத்துவரிடம் காட்டினோம். மின்னலுக்குப் பால் இருந்தது, ஸ்கேனில் குட்டி இல்லை, மருந்து கொடுத்திருக்கிறார். கருப்பியின் காதுக்கு நான்கு தையல், தடுப்பூசியும் போட்டாயிற்று. எனக்கு மூன்று ஊசிகள் முடிந்தன. அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவே கம்பி வலைக் கதவு வைத்திருக்கிறோம். நேற்று வலைக்கு இருபுறமும் படுத்திருந்தன, உறுமவில்லை. அனைவருக்கும் நன்றி.

நாலுகால்நேசன் | வியாழன், இரவு 10:30

நல்ல செய்தி. கருப்பியின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தார்களா?

வேப்பமரநிழல் | வெள்ளி, காலை 6:50

வலையருகே அமைதியாகப் படுத்ததை வைத்துக் கதவைத் திறந்துவிடாதீர்கள் தம்பி. வெளியில் ஒன்றாக நடக்கத் தொடங்கிவிட்டீர்களா?

நாலுகால்நேசன் | மூன்று மாதங்களுக்குப் பிறகு

ஆடி பிறந்துவிட்டது. மின்னலுக்குக் கருத்தடை ஆயிற்றா? இல்லையென்றால் அடுத்த பருவம் ஆவணி வாக்கில் வந்துவிடக்கூடும். கருப்பியின் எக்ஸ்ரே பற்றியும் ஒரு வரி எழுதுங்கள்.