பிரின்ஸ்டனிலிருந்து வில்சன் தாமாகப் போனாரா, அனுப்பப்பட்டாரா?

கரிசல் பாண்டி:

பாடம் நடத்தியவர்கள் நிர்வாகத்துக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று பேராவூரணி குமார் நேற்று எழுதியதில் ஒரு வரி: “உட்ரோ வில்சன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை எட்டு ஆண்டுகள் வெற்றிகரமாக நடத்தி, 1910-ல் தாமாகப் பதவி விலகி, நியூஜெர்சி ஆளுநரானார்.” பின்னாளில் அமெரிக்க அதிபரான அதே வில்சன். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. இந்தத் ‘தாமாக’ எங்கேயிருந்து வந்தது?

தேதியைப் பாருங்கள். டெமாக்ரடிக் கட்சி அவரை வேட்பாளராக அறிவித்தது செப்டம்பர் 15. பிரின்ஸ்டன் தலைவர் பதவியை விட்டது அக்டோபர் 20. நடுவில் 35 நாள். தாமாக விலகுகிறவர் மறுநாளே கடிதம் கொடுத்திருப்பார். இவர் பிரசாரத்துக்கும் போய்க்கொண்டு நாற்காலியையும் விடாமல் வைத்திருந்தார். பல்கலைக்கழகத்தை ஆளும் டிரஸ்டிகளில், வில்சனை எதிர்த்த மோசஸ் டெய்லர் பைன் பக்கத்து ஆட்கள் நெருக்கிய பிறகுதான் கடிதம் வந்தது. போகாதே என்று அந்தக் குழு கெஞ்சவில்லை, வாங்கிக்கொண்டது. இதுவா தாமாக?

பேராவூரணி குமார்:

பாண்டி அண்ணன் வருவார் என்று தெரியும். தேர்தல் நவம்பர் 8. அதற்கு 19 நாள் முன்பே, ஜெயிப்போமா தோற்போமா என்று தெரியாத நிலையில், கையிலிருந்த பதவியை விட்டார். தோற்றிருந்தால் தலைவர் பதவியும் இல்லை, ஆளுநர் பதவியும் இல்லை. இதைத் தாமாக விலகியது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

எட்டு ஆண்டில் அவர் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 1902 ஜூனில் பொறுப்புக்கு வந்தார். அதுவரை பிரின்ஸ்டன் தலைவர்கள் எல்லாருமே பாதிரிமார்கள். பாதிரியாக இல்லாத முதல் ஆள் இவர். 1904-ல் பாடத்திட்டத்தை மாற்றினார்: முதல் இரண்டு ஆண்டு பொதுப்பாடம், அடுத்த இரண்டு ஆண்டு ஒரு துறையில் ஊன்றிப் படிப்பு. 1905-ல் ப்ரிசெப்டர் முறை. ஏறத்தாழ 50 இளம் ஆசிரியர்களை உதவிப் பேராசிரியர் தகுதியில் ஒரே நேரத்தில் எடுத்தார். மாணவர்கள் சிறு குழுவாக ப்ரிசெப்டரோடு உட்கார்ந்து, படித்த நூல்களைப் பற்றிப் பேச வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பழைய வகுப்பு போயிற்று. சோம்பேறிகளைத் தேர்வில் தயங்காமல் ஃபெயில் ஆக்கினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் நாலு வருடம் உல்லாசமாக இருந்துவிட்டுப் போகும் இடமாக இருந்ததைப் படிக்கிற இடமாக்கியவர் அவர். இது வெற்றி இல்லையா?

கரிசல் பாண்டி:

ப்ரிசெப்டர் முறை நல்ல காரியம். இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அந்த 50 பேருக்குச் சம்பளம் எங்கேயிருந்து வந்தது? அதை ஏன் சொல்லவில்லை?

பதவிக்கு வந்த 1902-லேயே டிரஸ்டிகளிடம் அவர் வைத்த கேட்பு மொத்தம் ஒண்ணேகால் கோடி டாலர். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கிற தொகை. வட்டியில் சம்பளம் ஓடுகிற மாதிரி நிரந்தர நிதி திரட்டிவிட்டு ஆள் எடுப்பதுதான் முறை. அந்த நிதி சேரவில்லை. பழைய மாணவர்கள் குழு ஒன்று ஆண்டுதோறும் வசூலித்துக் கொடுத்த பணத்தில்தான் ப்ரிசெப்டர்கள் ஓடினார்கள். அதாவது நிரந்தரச் செலவு, வருஷாவருஷம் கையேந்தும் வரவு. கணக்குப் பார்க்கும் எந்தக் கல்லூரி பர்சாரைக் கேட்டாலும் இது ஆபத்து என்பார்.

இந்த நிலையில் அடுத்து என்ன செய்தார்? 1906 டிசம்பரில் குவாட் திட்டத்தை டிரஸ்டிகள் முன் வைத்தார். நாலு ஆண்டு மாணவர்களும் ஆசிரியர்களும் ஒரே முற்றக் கட்டடத்தில் தங்கி, ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டும். மேல்வகுப்பு மாணவர்கள் கூடிச் சாப்பிடும் தனிச் சங்கங்களான ஈட்டிங் கிளப்புகள் அதற்குள் கரைந்துவிட வேண்டும். மேல்வகுப்பு மாணவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அந்த கிளப்புகளில் இருந்தார்கள். பணம் கொடுக்கும் பழைய மாணவர்களும் அதே கிளப்புகளிலிருந்து வந்தவர்கள்தான். யார் பணத்தில் சம்பளம் போகிறதோ அவர்கள் கிளப்பையே இடிப்பேன் என்றார். யோசனை சரி என்றே வைத்துக்கொள்வோம். வரிசை தப்பு. முதலில் நிரந்தர நிதி, அப்புறம் கிளப் என்று போயிருந்தால் பைனிடம் அவ்வளவு பிடி இருந்திருக்காது.

ஆசிரியர் குழுவிடமாவது முன்கூட்டிக் கேட்டாரா? இல்லை. 1907 ஜூனில் டிரஸ்டிகளிடம் தலையாட்டல் வாங்கிக்கொண்டு அறிவித்தார். கோடை முழுக்கப் பழைய மாணவர்கள் கொதித்தார்கள். அக்டோபர் 17-ல் அதே டிரஸ்டிகள் ஒப்புதலைத் திரும்பப் பெற்றார்கள். நாலே மாதம். செப்டம்பரில் ஆசிரியர் கூட்டத்தில் குவாட் திட்டத்தை எதிர்த்த தீர்மானத்தை வழிமொழிந்தது யார்? அவருடைய நெருங்கிய நண்பர் ஹிப்பன். நட்பு அதோடு முறிந்தது.

மறுபடி கேட்கிறேன்: செப்டம்பர் 15-லிருந்து அக்டோபர் 20 வரை ஏன் உட்கார்ந்திருந்தார்?

பேராவூரணி குமார்:

அந்த ஆசிரியர் கூட்டத்தில் பெரும்பான்மை வில்சன் பக்கம் நின்றதை மட்டும் விட்டுவிட்டீர்கள். வசதியாக இருக்கிறது.

நவம்பர் 8-க்கு 19 நாள் முன்பே விலகினார். இதற்குப் பதில் வரவில்லை.

செந்தாமரை:

இரண்டு பேரும் நாள் கணக்கிலேயே நில்லுங்கள். குமார் தலைப்பிலேயே “நிர்வாகவியலின் தந்தை” என்று போட்டிருக்கிறாரே, அதை யாரும் கேட்கக் காணோம்.

அந்தப் பட்டத்துக்குக் காரணமாகச் சொல்வது, 1887 ஜூனில் பொலிட்டிக்கல் சயின்ஸ் குவார்ட்டர்லி இதழில் நிர்வாகம் பற்றி வில்சன் எழுதிய கட்டுரையை. முந்தின நவம்பரில் கார்னெலில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம். வில்சனுக்கு அப்போது 30 வயது, பிரின் மார் பெண்கள் கல்லூரியில் ஆசிரியர். எந்த நிர்வாகமும் செய்து பார்த்ததில்லை. வெளிவந்த பிறகு பல பத்தாண்டுகள் அதை எடுத்துப் பேசியவர்கள் மிகக் குறைவு. அதே இதழ் 1941 டிசம்பரில் மறுபதிப்புச் செய்த பிறகுதான் எல்லாருடைய வாசிப்புப் பட்டியலிலும் ஏறியது. அரசியல் வேறு, நிர்வாகம் வேறு என்ற கோட்டை நூல் அளவில் விரித்து எழுதியவர் குட்நவ், 1900-ல். வகுப்பறைக்குப் பாடநூல் தந்தவர் லியோனார்ட் ஒயிட், 1926-ல். யாரும் படிக்காத கட்டுரையால் ஒரு துறை பிறந்தது என்று சொல்வதில் என்ன நியாயம்?

வெ. மாணிக்கம்:

மேடம், நெட் தேர்வுக்கும் யூபிஎஸ்சி விருப்பப்பாடத்துக்கும் படிக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். தந்தை யார் என்று கேட்டால் வில்சன், ஆண்டு 1887. அதைத்தான் எழுத வேண்டும். குட்நவ் என்று எழுதினால் மதிப்பெண் போகும். பிள்ளைகளைக் குழப்பாதீர்கள்.

இன்னொன்று. அவர் அந்தக் கட்டுரையோடு நிறுத்திவிடவில்லை. 1888-லிருந்து ஏறக்குறைய பத்து ஆண்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போய் நிர்வாகம் பற்றித் தொடர் சொற்பொழிவு நடத்தினார். அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் வழியாகக் கருத்து பரவியிருக்காதா?

செந்தாமரை:

மதிப்பெண்ணுக்கு எழுதுவது வேறு, நடந்தது வேறு. ஹாப்கின்ஸ் வகுப்புகள் நடந்தது உண்மை. அப்படியானால் வகுப்புகளைச் சொல்லுங்கள், 1887 என்று சொல்லாதீர்கள். கைடு போடுகிறவர்கள் இதை மாற்றாமல் இருப்பதால்தான் ஒவ்வொரு தலைமுறையும் இதையே ஒப்பிக்கிறது.

வெ. மாணிக்கம்:

கைடு போடுகிறவர்கள் என்று யாரைச் சொல்கிறீர்கள்? பெயர் சொல்லியே பேசலாமே.

கரிசல் பாண்டி:

தந்தையோ சித்தப்பாவோ, அதற்குத் தனித் திரி போடுங்கள். இங்கே பேச்சு 1910.

நிர்வாகத்தில் அவர் சறுக்கிய இடம் கிராஜுவேட் காலேஜ். குமார் அந்தப் பக்கமே போகவில்லை. டீன் ஆண்ட்ரூ ஃபிளெமிங் வெஸ்ட் ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தனிக் கல்லூரி கட்ட வேண்டும் என்று நின்றார். 1903-ல் அவர் போட்ட பிரசுரத்துக்கு முன்னுரை எழுதியது வில்சன். 1906-ல் வெஸ்டை அமெரிக்காவின் எம்ஐடி தலைவராகக் கூப்பிட்டது. தொல்லை தானாகவே போயிருக்கும். அப்போது, போகாதீர்கள் என்று டிரஸ்டிகள் போட்ட தீர்மானத்தை எழுதிக் கொடுத்ததும் இதே வில்சன்தான்!

1909 மே மாதம் சோப்புக் கம்பெனி ப்ராக்டர் ஐந்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார். இரண்டு நிபந்தனை: அதே அளவு தொகையை மற்றவர்களிடம் திரட்ட வேண்டும், வளாகத்தின் நடுவே வில்சன் கேட்கும் இடத்தில் கட்டக் கூடாது. தள்ளியிருக்கிற கோல்ஃப் மைதானம் என்று முடிவாகி, அக்டோபரில் டிரஸ்டிகளும் ஒத்துக்கொண்டார்கள். வில்சன் முரண்டு பிடித்தார். கல்லூரி நடுவில் இருந்தால்தான் ஆராய்ச்சி மாணவர்களைப் பார்த்து இளநிலை மாணவர்களும் படிப்பார்கள் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் 1910 ஜனவரி 13 கூட்டத்தில் பைன் ஒரு கடிதத்தைக் காட்டினார்: இரண்டு இடத்திலும் கட்டிக்கொள்ளலாம், ப்ராக்டருக்குச் சம்மதம். உடனே வில்சன், இடம் முக்கியமில்லை, வெஸ்டின் நோக்கம்தான் கோளாறு என்று திருப்பினார். எதிரணி அவருடைய முன்னுரையோடு இருந்த பிரசுரத்தையே மேசையில் வைத்தது. புத்தகத்தைப் பார்க்காமலே முன்னுரை எழுதியதாகச் சொன்னார்.

இது போதாதா? ஒரு தலைவர் தன் குழு முன்னால் பேச்சை மாற்றிப் பிடிபட்டார். அன்றைக்கே பதவி போனதுதான். அக்டோபர் 20 வெறும் கையெழுத்து.

பேராவூரணி குமார்:

அன்றைக்கே போனதென்றால் பிப்ரவரியில் ப்ராக்டர் ஏன் நன்கொடையைத் திரும்பப் பெற்றார்? வில்சன் நின்றார், பணக்காரர் பின்வாங்கினார். பணம் கொடுப்பவர் பாடத்திட்டத்தை முடிவு செய்யக் கூடாது என்று ஒரு தலைவர் ஐந்து லட்சத்தை இழக்கத் துணிந்தார். இன்றைக்கு நம் ஊரில் எத்தனை முதல்வர்கள் அப்படி நிற்பார்கள்? தாளாளர் கண் அசைத்தால் துறையையே மூடுகிற காலம் இது.

மே 18-ல் ஐசக் வைமன் என்ற பழைய மாணவர் இறந்து, உயிலில் பெருந்தொகை கிராஜுவேட் காலேஜுக்கு வந்தது. உயிலை நிறைவேற்றுபவர்களில் ஒருவர் வெஸ்ட். இருபது லட்சம், அதற்கும் மேல் என்று பேசினார்கள். கடைசியில் வந்தது அதில் பாதிகூட இல்லை. அந்தப் பேச்சை நம்பித்தான் வில்சன் விட்டுக்கொடுத்தார். செத்தவர் பணத்தால் தோற்றதை நிர்வாகத் தோல்வி என்பது அநியாயம்.

கரிசல் பாண்டி:

பாதிகூட வரவில்லை என்பது உங்களுக்குத் தெரிகிறது, அவருக்கு அன்றைக்குத் தெரியவில்லை. சொத்து விவரம் வரும்வரை பொறுத்திருக்கக் கூடாதா? ஜூனிலேயே கைவிட்டார், ப்ராக்டரும் நன்கொடையோடு திரும்பி வந்தார். கோல்ஃப் மைதானத்திலேயே கட்டி 1913-ல் திறந்தார்கள். வெஸ்ட் ஜெயித்தார். ஹிப்பன் 1912-ல் தலைவரானார். பதவியேற்புக்கு வில்சன் போகவில்லை.

35 நாள். பதில் இன்னும் வரவில்லை.

நாகை மறைமலை:

வெற்றிகரம் என்று குமார் எழுதியதைப் பற்றி ஒரு கேள்வி. 1909-ல் ஒரு கறுப்பின மாணவர் சேர்க்கை கேட்டு எழுதியபோது, இங்கே வருவது உசிதமில்லை என்று பதில் போக வைத்த தலைவர் இவர்தானே? பிரின்ஸ்டன் நிர்வாகமே 2020 ஜூனில் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. யாரைச் சேர்ப்பது, யாரைத் தடுப்பது என்பது நிர்வாகத்தில் வராதா? கிளப்புகள் ஜனநாயகத்துக்கு எதிரானவை என்று முழங்கியவர் வாசலில் இதைச் செய்தார்.

பேராவூரணி குமார்:

மறைமலை சார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரின்ஸ்டனில் யூதர் ஒருவரை முதன்முதலாக ஆசிரியராக எடுத்ததும் இவர் காலத்தில்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நாகை மறைமலை:

அதைச் சொன்னால் இது அடிபட்டுப் போகுமா? ஒரு கதவைத் திறந்ததற்காக மூடிய கதவை மறந்துவிட வேண்டுமா? 1913-ல் அதிபரானதும் வாஷிங்டன் அலுவலகங்களில் நிறவாரிப் பிரிவினைக்கு இடம் கொடுத்தவரும் அவரே. பிரின்ஸ்டனில் இருந்த புத்திதான் அங்கேயும் போயிற்று. உங்கள் பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் குறை.

செந்தாமரை:

மறைமலை சொல்வதுதான் சரியான கேள்வி. 19 நாளா 35 நாளா என்பதை விட இது பெரிது.

கரிசல் பாண்டி:

பெரிதுதான். ஆனால் திரி எதற்குத் தொடங்கியதோ அதற்குப் பதில் வந்த பிறகு போகலாம்.

குமாருக்காக இன்னொரு சான்று. இவர் பதவி விட்ட பழக்கம் புதிதல்ல. பிரின் மாரில் 1887-ல் மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டார். ஓராண்டில், 1888-ல், வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உதவி ஆசிரியர் தருவதாகச் சொல்லித் தரவில்லை, அதனால் ஒப்பந்தம் செல்லாது என்று வாதம். பிரின் மார் டீன் கேரி தாமஸோடும் ஒத்துப்போகவில்லை. வெளியே நல்ல இடம் கிடைத்ததும் உள்ளே ஒரு காரணம் கண்டுபிடிப்பார். பிரின்ஸ்டனிலும் அதேதான்.

வெ. மாணிக்கம்:

இப்போது பாண்டி சாரே, வெளியே நல்ல இடம் கிடைத்ததும் போவார் என்கிறார். அப்படியானால் அனுப்பப்படவில்லை, தாமாகத்தான் போயிருக்கிறார். குமார் சொன்னது அதுதானே?

கரிசல் பாண்டி:

மாணிக்கம் சார், வார்த்தையைத் திருப்பாதீர்கள். பிரின் மாரில் தாமாக. பிரின்ஸ்டனில் பைன் நெருக்கி. இரண்டும் ஒன்றில்லை. நெருக்கடி இல்லாமல் இருந்திருந்தால் தேர்தல் முடிவு வரும்வரை நாற்காலியில் இருந்திருப்பார். அதற்குத்தான் 35 நாள் காத்திருந்தார்.

பேராவூரணி குமார்:

எல்லாருக்கும் ஒன்று தெரியட்டும். போன மாதம் லாஸ்கி திரியில், ஆங்கிலேய அரசியல் அறிஞர் லாஸ்கி லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 1920-ல் பேராசிரியரானார் என்று பாண்டி அண்ணன் எழுதினார். 1920-ல் ஆசிரியராகச் சேர்ந்தார், பேராசிரியரானது 1926 என்று நான் திருத்தினேன். அன்றிலிருந்து நான் எதை எழுதினாலும் பூதக்கண்ணாடியோடு வருகிறார். இந்தத் திரியின் காரணம் அதுதான்.

கரிசல் பாண்டி:

லாஸ்கியை இழுத்தால் வில்சன் தப்பிப்பாரா? செப்டம்பர் 15 வேட்பாளர், அக்டோபர் 20 கடிதம். இந்த இரண்டு தேதியில் எது தப்பு, சொல்லுங்கள்.

பேராவூரணி குமார்:

இரண்டும் சரி. நவம்பர் 8-ம் சரி. 19 நாள் முன்பு.

செந்தாமரை:

மாணிக்கம் சார், 1941 மறுபதிப்பு பற்றி உங்கள் கைடில் ஒரு வரியாவது இருக்கிறதா?

வெ. மாணிக்கம்:

என் கைடு என்று யார் சொன்னது? அந்தப் பேச்சை எடுத்தது நீங்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் 1941-க்கு வருகிறேன்.

கரிசல் பாண்டி:

ப்ரிசெப்டர் சம்பளத்துக்கு நிரந்தர நிதி இல்லை என்று எழுதி இவ்வளவு நேரம் ஆகிறது, குமாரிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. அதையும் 35 நாளையும் சேர்த்து நாளைக் காலை தனிப் பதிவாகவே போடுகிறேன்.